கரும்பு குடிக்கும் வண்டி

எத்தனால் கலந்த பெட்ரோல் எஞ்சினின் வலுவைக் குறைக்கிறதா, பசியைக் கூட்டுகிறதா? புனேயில் ஒரு பழைய பைக்கும் அதன் சொந்தக்காரர் வைத்திருக்கும் நோட்டும் சொல்லும் கணக்கு.

கட்கி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அந்த இரண்டு அறை வீடு. தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே நான்கு நீள நோட்டுகள். 2006-ல் 100 சி.சி. பைக் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து, பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒரு வரி ஏறியிருக்கிறது. தேதி, மீட்டர் காட்டிய கிலோமீட்டர், போட்ட லிட்டர், கொடுத்த ரூபாய். நான்கே பத்திகள். ஒரு வரிகூட விட்டுப் போகவில்லை.

எழுதியவர் திருச்சிக்காரர். 1984-ல் புனேவுக்கு வந்து, பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, 2016-ல் ஓய்வு பெற்றார். வரவு, செலவு, இருப்பு என்று 32 ஆண்டுகள் பழகிய கை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கைக்கு மிஞ்சியது பைக்கின் கணக்கு மட்டும்தான். "ஆபீஸ் ரிஜிஸ்டரை மூடினாங்க. இவர் இன்னும் மூடலை" என்பது மனைவியின் கிண்டல்.

இந்த நோட்டுகளை யாரும் கேட்டதில்லை. 2025 ஆகஸ்டில் முதல் முறையாக அவற்றுக்கு வேலை வந்தது.

ஒரு கல்யாணத்துக்காக மூன்று வாரம் திருச்சிக்குப் போய்விட்டுத் திரும்பினார். அதற்குள் புனேயில் நல்ல மழை. வாசலில் நின்ற பைக் கிளம்ப மறுத்தது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகு தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக்குக் கேள்விகள் தேவைப்படவில்லை. டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினான். மேலே ஒரு நிறம், அடியில் இன்னொரு நிறம். நடுவே கோடு போட்டதுபோல் ஓர் எல்லை.

"பாருங்க காகா, பெட்ரோல் ரெண்டா பிரிஞ்சு நிக்குது. மூடியோட ரப்பர் போயிடுச்சு, மழைத் தண்ணி இறங்கியிருக்கு."

"மழைத் தண்ணி போன வருஷமும்தானே இறங்கியிருக்கும் தம்பி?"

"போன வருஷம் உங்க அதிர்ஷ்டம்" என்றான் அவன். பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றிக் கையில் கொடுத்தான். ரப்பர் ஊறி, நுனி வெடித்திருந்தது. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பச்சை படிந்திருந்தது. அறுநூறு ரூபாய் செலவு. கடையில் காத்திருந்த இரண்டு உணவு டெலிவரி இளைஞர்கள் தங்கள் பங்குக்கு ஆளுக்கு ஒரு புகார் சொன்னார்கள். மைலேஜ் போச்சு, பிக்கப் போச்சு, எல்லாம் அந்த எத்தனாலால் வந்த வினை.

ஸ்டோர்ஸ்காரருக்கு 'எல்லாம்' என்ற சொல் பிடிக்காது. இருப்பு குறைந்தால் எந்தச் சரக்கு, எத்தனை எண்ணிக்கை என்று சொல்ல வேண்டும். அன்று இரவு நான்கு நோட்டுகளும் கீழே இறங்கின.

முதல் நோட்டில் லிட்டருக்கு 58 கிலோமீட்டர். 2022-ல், பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் என்ற நிலையை நாடு எட்டிய ஆண்டில், 56. இருபது சதவீதப் பெட்ரோல் எல்லா பங்குகளுக்கும் வந்துவிட்ட 2025-ல் 54. 

இதற்கு ஒத்து வரும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 32 மெகாஜூல். ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைப்பது சுமார் 21. மூன்றில் ஒரு பங்கு குறைவு. காரணம் எத்தனாலின் மூலக்கூறிலேயே இருக்கிறது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். ஆக்சிஜன் எரிய உதவும். தானே எரிந்து வெப்பம் தராது. பாதி எரிந்த விறகை விலைக்கு வாங்குவதுபோல. பத்து சதவீதக் கலவையிலிருந்து இருபது சதவீதக் கலவைக்கு மாறும்போது லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் மூன்றரை சதவீதம் அளவுக்குக் குறைகிறது. நோட்டில் 56-க்கும் 54-க்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய அதுவே.

கணக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்தியதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வண்டிக்கு வயது பத்தொன்பது. செயின் தளர்ந்திருக்கிறது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் நின்று நின்று போக வேண்டியிருந்தது. எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் கட்டினால், தேய்ந்த செயின் தப்பித்துக்கொள்ளும். 2021-ல் நீதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இழப்பை மறைக்கவில்லை. பழைய வடிவமைப்பில் வந்து பத்து சதவீதக் கலவைக்கு மட்டும் சரிசெய்யப்பட்ட இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம், அதே வகைக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் எரிபொருள் திறன் குறையலாம் என்று அதில் இருக்கிறது.

ஆனால் 'பிக்கப் போச்சு' என்ற புகார்? அதற்கு நோட்டில் பத்தி இல்லை. அதைச் சாலையில்தான் பார்க்க வேண்டும்.

புனேயிலிருந்து சாஸ்வட் போகும் வழியில் இருக்கிறது திவே காட். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. ஆண்டுதோறும் பண்டரிபுரம் போகும் வார்கரிகள் பல்லக்கோடு நடந்து ஏறுகிற இடம். அதைத் தாண்டி, ஜெஜூரி வழியாக நீரா. மொத்தம் 80 கிலோமீட்டர் அளவுக்கு வரும். நீரா அருகே ஒரு கிராமத்தில் அவருடைய பழைய சகா இருக்கிறார். ஒரே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு அப்பாவின் மூன்று ஏக்கருக்குத் திரும்பியவர். வருடத்துக்கு இரண்டு முறையாவது அங்கே பைக்கிலேயே போய் வருவது வழக்கம். வீட்டில் எத்தனை திட்டினாலும் பஸ் ஏறுவதில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுக் குழாயும் புது மூடி ரப்பருமாகக் கிளம்பினார். திவே காட்டில் எந்த வளைவில் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டும், எங்கே இரண்டாவது என்பது அவருக்கு மனப்பாடம். அன்றும் அதே வளைவில்தான் மூன்று. அதே வளைவில்தான் இரண்டு. வண்டி முனகவில்லை. மேலே ஏறி நிறுத்தி, மஸ்தானி ஏரியைப் பார்த்தபடி தெர்மாஸ் டீயைக் குடித்தபோது அவர் குழம்பித்தான் போனார். வெப்பம் குறைந்த எரிபொருள், ஆனால் ஏற்றத்தில் வலு குறையவில்லை. இது எப்படி?

விடை பெட்ரோலில் இல்லை, காற்றில் இருக்கிறது. எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை இழுக்கும் பம்பு. ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் நுழையக்கூடிய காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அந்தக் காற்றுக்கு ஏற்ற எரிபொருளைத்தான் சேர்க்க முடியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றில் எத்தனாலைக் கூடுதலாக எரிக்கலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரு கிலோ காற்றைக் கொண்டு பெட்ரோலில் எடுக்கும் வெப்பமும் எத்தனாலில் எடுக்கும் வெப்பமும் கிட்டத்தட்டச் சமம். எனவே எத்தனால் எஞ்சினின் வலுவைக் குறைப்பதில்லை, பசியைக் கூட்டுகிறது. மலை ஏறும்போது தெரியாது. பங்கில் பணம் கொடுக்கும்போதுதான் தெரியும்.

டெலிவரி இளைஞனின் புகாரும் பொய்யில்லை. கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளை ஒரே அளவு. உள்ளே வருவது எந்தக் கலவை என்று அதற்குத் தெரியாது. எத்தனால் கூடும்போது தேவைப்படும் கூடுதல் எரிபொருளை அது தராது. கலவை மெலிந்து, ஆக்சிலேட்டரைத் திருகும்போது வண்டி ஒரு கணம் தயங்கும். துளை முன்பே கொஞ்சம் தாராளமாக இருந்த வண்டியில் இது தெரியாது. கஞ்சத்தனமாக இருந்ததில் தெரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் இருக்கும் எரிபொருள் இன்ஜெக்ஷன், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை சென்சாரால் மோந்து பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளும். பழைய வண்டிக்கு அந்த மூக்கு இல்லை.

தண்ணீர்ப் பிரச்சினையும் இப்படித்தான். வெறும் பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் அது தனியாக அடியில் கிடக்கும். எத்தனாலோ தண்ணீரைக் கண்டால் விடாது. கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைத்துக்கொண்டு எஞ்சின் வழியாக வெளியேற்றிவிடும், அது நல்லதுதான். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் குழாய் இருப்பதும் அடியில்தான்.

இத்தனை குறை சொல்லியாகிவிட்டது. எத்தனாலின் பெருமையையும் சொல்ல வேண்டும். அழுத்தத்தைத் தாங்கும் சக்தியில் பெட்ரோல் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சிலிண்டருக்குள் கலவையை எவ்வளவு நெருக்கி எரிக்கிறோமோ அவ்வளவு பலன் அதிகம். ஆனால் பெட்ரோலை மிக நெருக்கினால், ஸ்பார்க் பிளக்கின் பொறி மூட்டிய தீ வந்து சேரும்வரை காத்திராமல் தானே கண்ட இடத்தில் பற்றிக்கொண்டு எஞ்சினைத் தட்டும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். அதைத் தாங்கும் திறனே ஆக்டேன் எண். இந்தியாவின் சாதாரணப் பெட்ரோலுக்கு நீண்ட காலம் இருந்தது 91. இருபது சதவீதக் கலவைக்கு 95. எத்தனாலின் எண் 108-ஐ ஒட்டி. போதாக்குறைக்கு, ஆவியாகும்போது பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிச் சிலிண்டரைக் குளிர வைக்கிறது. அமெரிக்காவின் இண்டி கார் பந்தயங்கள் 2007-ல் எத்தனாலுக்கு மாறியபோது வண்டிகள் மெதுவாக ஓடவில்லை. எத்தனாலுக்கென்றே அழுத்தம் கூட்டிக் கட்டிய எஞ்சினில், இழந்த மைலேஜில் ஒரு பகுதி திரும்பி வரும். பெட்ரோலுக்குக் கட்டிய எஞ்சினில் ஊற்றினால் அந்தப் பெருமை செலவாகாமல் புகையோடு போகும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. 1920-களிலேயே ஆல்கஹால் நாக்கிங்கைத் தடுக்கும் என்று அமெரிக்கப் பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால் 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த ஈயக் கலவை மலிவு, சில துளிகள் போதும், காப்புரிமையும் எடுக்கலாம். உலகம் ஈயத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்த நஞ்சு இந்தியப் பெட்ரோலை விட்டு நீங்க 2000-ம் ஆண்டு ஆனது. 1948-லேயே இந்தியாவில் பவர் ஆல்கஹால் சட்டம் ஒன்று இருந்தது. அது ரத்தானதும் அதே 2000-ல்.

எத்தனாலை முழு மனதோடு ஏற்ற நாடு பிரேசில். எண்ணெய் விலை ஏறிய 1970-களில், 1975-ல், ஆல்கஹால் திட்டத்தைத் தொடங்கியது. 1979-ல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் கார் வந்தது. குளிர் காலையில் எத்தனால் எளிதில் ஆவியாகாது என்பதால் எஞ்சினைக் கிளப்பவென்று ஒரு சின்ன பெட்ரோல் டேங்கும் அந்தக் கார்களில் உண்டு. 1980-களின் நடுவில் அங்கு விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஆல்கஹால் கார்கள். 1989-ல் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆல்கஹால் மட்டுமே குடிக்கும் கார்களை வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நம்பிக்கை உடைந்தது. அது திரும்பியது 2003-ல், எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் 'ஃப்ளெக்ஸ்' கார்கள் வந்த பிறகே. 

அந்த ஊர் பங்கில் பெட்ரோல் விலையும் எத்தனால் விலையும் தனித்தனியாக எழுதியிருக்கும். எத்தனால் விலை பெட்ரோலில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால். மேலே போனால் பெட்ரோல். பிரேசிலில் கார் ஓட்டும் எவருக்கும் இந்த வகுத்தல் வாய்ப்பாடு. லிட்டரில் வெப்பம் குறைவு என்பதை அங்கே யாரும் மறைப்பதில்லை, மறுப்பதுமில்லை. விலையில் கழித்துக்கொள்கிறார்கள்.

கட்கி பங்கில் இருப்பது ஒரே குழாய்.

நீரா கால்வாயின் கரையில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. திண்ணையில் ஜுன்கா பாக்கரி தயாராக இருந்தது. சாப்பாடு முடிவதற்குள் குழாய், பாட்டில், இரண்டு நிறம், 58, 56, 54 எல்லாவற்றையும் அவர் சொல்லி முடித்துவிட்டார். சகா பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணா, உங்க வண்டி குடிக்கிறது என் கரும்பு. குறை சொல்லாதீங்க" என்று சிரித்தார். மகாராஷ்டிரத்தில் தெற்கிலிருந்து வந்த எவரும் 'அண்ணா'தான். வயதில் சகாதான் மூத்தவர்.

பிறகு அவர் தன் கணக்கைச் சொன்னார். கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும் என்பது 1966-ன் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு. அவருடைய அப்பா காலத்தில் அது தாளில் இருந்தது. பணம் தவணை தவணையாக, பல மாதம் கழித்து வரும். சர்க்கரை விலை சரிந்தால் அதுவும் நிற்கும். ஆலையில் எத்தனால் பிரிவு வந்த பிறகு அந்த இழுத்தடிப்பு குறைந்திருக்கிறது. சர்க்கரையை விற்க ஆலை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்களின் பணம் விரைவில் வரும். "பேத்தி காலேஜ் ஃபீசுக்குப் போன வருஷம் கடன் வாங்கலை. அது போதும் எனக்கு."

போதும் என்றாலும் நிம்மதி முழுதாக இல்லை. மழை பொய்த்த 2023-ல், டிசம்பரில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அரசு திடீரென்று கட்டுப்படுத்தியது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழைய பயம் திரும்பி வந்தது. தண்ணீர்க் கதையும் அவருக்குத் தெரியும். கால்வாய்க்குக் கீழ்ப்பக்கம் கரும்பு. மேட்டில் இருக்கிற கிராமங்களுக்குக் குடிக்க டேங்கர். "என் வயல்ல நிக்கிறது கரும்பு இல்லை அண்ணா, தண்ணி" என்றார். 

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரே லிட்டரின் இரண்டு முனைகளில் இரண்டு நண்பர்கள். ஒருவருக்குப் பேத்தியின் ஃபீஸ். மற்றவருக்கு மாதம் 450 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் முப்பது ரூபாய் நஷ்டம். ஒன்றரை வடா பாவ். இதில் நியாயம் எந்தப் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. முப்பது ரூபாயை நண்பனுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் திரும்பும் வழியில், காட் இறங்கும்போது, மெக்கானிக் கடையில் பார்த்த அந்த டெலிவரி இளைஞர்கள் நினைவுக்கு வந்தார்கள். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அதே வித்தியாசம் இரண்டு லிட்டர். இருநூறு ரூபாய்க்கு மேல். பழைய வண்டிதான் வாங்க முடியும் என்பவனுக்கே கூடுதல் பசி; 2023 ஏப்ரலுக்குப் பிறகு இருபது சதவீதக் கலவையைத் தாங்கும் பாகங்களோடு வந்த புது வண்டிக்காரனுக்கு அந்தக் குழாய்ச் செலவும் இல்லை. விவசாயிக்குப் போகும் பணத்தில் அவனும் பங்கு போடுகிறான். அவனை யாரும் கேட்கவில்லை. கொடுப்பது அவனுக்கே தெரியவும் தெரியாது.

அரசிடம் பதில் இருக்கிறது. கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2014-லிருந்து 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்றும், திறன் இழப்பு அற்பம் என்றும் 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. கலவையை ஏன் மலிவாக விற்கவில்லை என்ற கேள்விக்கு, இப்போது எத்தனாலைக் கொள்முதல் செய்யும் விலையே பெட்ரோலை விட அதிகம் என்றது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது. எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஸ்டோர்ஸில் 32 ஆண்டுகள் இருந்தவரின் மனக்குறை வேறு. சரக்கு மாறினால் ரசீதில் எழுத வேண்டும். பெயரளவில் அதே ஒரு லிட்டர், உள்ளே வெப்பம் குறைவு என்றால் அந்த வித்தியாசம் ஏதாவது ஒரு பத்தியில் ஏற வேண்டும். பிரேசிலில் அது விலைப் பலகையில் ஏறுகிறது. இங்கே எதிலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை விற்றுவிடலாமே என்றார் மனைவி. எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று இருவருக்கும் தெரியும். மறுநாள் மெக்கானிக்கிடம் போய் கார்புரேட்டரில் ஒரு சுற்றுப் பெரிய ஜெட் போடச் சொன்னார். புதுச் செயினும் போட்டார். வண்டியை நாள்கணக்கில் நிறுத்த வேண்டி வந்தால் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துவது என்று முடிவு செய்தார். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

"இப்ப இன்னும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும் காகா" என்று எச்சரித்தான் மெக்கானிக்.

"குடிக்கட்டும். எவ்வளவுன்னு எழுதிட்டாப் போதும் தம்பி."

அன்று இரவு நான்காவது நோட்டில் ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு பத்தி கோடிட்டார். தலைப்பில் 'எத்தனால் %' என்று எழுதினார். முதல் வரியில் 20.